பாண்டிசெல்வி நிரப்பாத படிவம்

நாட்டின் சரித்திரத்தில் பெரிய திருப்பம் என்று பின்னால் எழுதப்போகிற நாள், வருகிற அன்று எந்த அடையாளமும் காட்டாது. 2020 மார்ச் இருபத்து நான்கு, செவ்வாய்க்கிழமை. மாநிலத்தில் அன்று மாலையே தடை போட்டுவிட்டதால் ராஜபாளையத்து நூல் மில்லில் சீக்கிரமே ஷிப்ட்டை முடித்து அனுப்பிவிட்டார்கள். கோன் சுற்றும் பிரிவில் நாளெல்லாம் நின்ற காலை நீட்டி, பாண்டிசெல்வி வாசலில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு டிவியில் அறிவிப்பு வந்தது. நள்ளிரவு முதல் நாடு முழுக்க யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. நூற்று முப்பது கோடிப் பேருக்கு நான்கு மணி நேர அவகாசம் கொடுத்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து பாத்திரம் கழுவவே அதைவிடக் கூட ஆகும்.

பாண்டிசெல்விக்கு அப்போது முப்பத்தொரு வயது. பிள்ளை இல்லை. வீட்டில் அவளும் மாமியார் பிச்சையம்மாளும்தான். புருஷன் மாரிசெல்வம் மகாராஷ்டிரத்தில் சாங்லியில், முறுக்குக் கம்பெனியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற வேலை பார்த்தான். நம் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் அப்படித்தான் வடக்கே போய் முறுக்குச் சுடுகிறார்கள். இங்கே ஒருவனும் சொந்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்க மாட்டான். மாரிசெல்வம் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். தெருக் கோவிலில் அந்த வருஷத்துப் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். ரயிலே நின்றுபோனது.

அவர்கள் தெரு சோழபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். இத்தனைக்கும் அவர்கள் மோசமானவர்கள் இல்லை. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் நாலு வீட்டிலிருந்து சோறு போகிற தெரு அது. அந்தத் தெருதான் இரண்டே வாரத்தில் முகப்பில் வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டு, மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி, 'அந்நியர் உள்ளே வரக் கூடாது' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டது. பக்கத்து ஊரில் சென்னையிலிருந்து வந்த ஒருத்தனுக்காக வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டி, தெருவையே தகரம் வைத்து அடைத்தார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எல்லாரும் ஒரு பைக் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிவந்து பார்த்தார்கள்.

முள் போட்டது போதாதென்று இன்னொரு காரியமும் செய்தார்கள். அது அந்தத் தெருவுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. அங்கே எந்தப் பேச்சாக இருந்தாலும் காளியம்மன் கோவில் முன்னால் வைத்துச் சொன்னால்தான் செல்லும். வாங்கல் கொடுக்கலோ, பெண் பேசுவதோ, சண்டை தீர்ப்பதோ, அம்மன் கேட்கும்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிறகு மாறக் கூடாது. நாட்டாண்மை மொக்கைச்சாமி அதைக் கொரோனாவுக்கும் கொண்டுவந்தார். வெளியூரில் ஆள் இருக்கிற வீட்டார் கோவில் முன்னால் வந்து நிற்க வேண்டும், போனை ஸ்பீக்கரில் போட வேண்டும், "இப்போதைக்கு வராதே" என்று தெரு கேட்கச் சொல்ல வேண்டும். மீறி ஆளை உள்ளே விட்டால் குழாயடியில் தண்ணீர் கிடையாது, கடையில் சாமான் கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள்.

சித்திரை பிறக்க இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறு வீட்டுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். முதல் ஐந்து பேரும் பேசி முடித்துவிட்டார்கள். அந்த ஐந்து பையன்களும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் ரூமுக்குள் இருந்தவர்கள், "சரி, சரி" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்கள். ஆறாவதாகப் பாண்டிசெல்வி போட்டாள்.

"என்னங்க, இங்க தெருவுல பேசி முடிவு பண்ணிருக்காக. இப்ப வராதிய. எல்லாம் சரியானப் பொறவு வாங்க."



"யாரெல்லாம் இருக்காக?" என்றான்.

"எல்லாரும் இருக்காக."

"சரி. வரல."

மொக்கைச்சாமி திருநீறு எடுத்துக் கொடுத்தார். அவளும் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உலை வைத்து அரிசியைக் களையும்போது போன் அடித்தது. அவன்தான். பிச்சையம்மாள் பின்பக்கம் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நான் ரூமுல இல்ல" என்றான் மாரிசெல்வம். "முறுக்குக் கம்பெனிய அடைச்சு ரெண்டு வாரத்துக்கு மேலாச்சு. மொதலாளி அரிசி இல்லன்னுட்டாரு. பதினோரு பேரு கெளம்புனோம். இப்ப தாவணகெரே தாண்டி நடந்துக்கிட்டு இருக்கோம். கால் பூரா கொப்புளம். அம்புட்டுப் பேரு முன்னால எப்படிச் சொல்லுதது?"

பாண்டிசெல்வி களைந்துகொண்டிருந்த அரிசியை அப்படியே கீழே வைத்தாள். தாவணகெரே எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. கர்நாடகம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

"நான் வரட்டுமா, வேண்டாமா? நீ சொல்லு" என்றான்.

இதுதான் அவள் ஆயுசு முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிற கேள்வி. அப்போது அது தெரியவில்லை. கோவில் முன்னால் சொல்லிவிட்டு வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது, நெற்றியில் திருநீறு காயவில்லை. இவன் வந்து நின்றால் மில்லுக்குப் போக முடியாது. தண்ணீர் எடுக்க முடியாது. மாமியாருக்கு இளைப்பு வேறு, மாசத்தில் பத்து நாள் மூச்சு வாங்கும்.

"அத்தைக்கு இளைப்புல்ல" என்றாள். "ஒங்களுக்கு இருந்து அவியளுக்கு ஒட்டிக்கிச்சுன்னா? வழியில எங்கயாவது பள்ளிக்கூடத்துல, கேம்ப்புல தங்க வைக்காகன்னு டிவியில சொன்னான். அங்கன இருங்க. ஒரு மாசந்தான்."

"சரி" என்றான் அவன். கோவில் முன்னால் சொன்ன அதே குரல். மறுநாள் அவள் போட்டபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே.

மாமியாரிடம் சொன்னது இவ்வளவுதான்: "போன் போக மாட்டேங்கு அத்தை." தாவணகெரே என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

ஜூன் மாதம் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்ததும் காணவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுக்கப் போனார்கள். மொக்கைச்சாமியும் கூட வந்தார். கடைசியாக எந்த ஊரில் இருந்து பேசினார் என்று எழுத்தர் கேட்டார். பாண்டிசெல்வி வாயைத் திறப்பதற்குள் மொக்கைச்சாமி, "சாங்லி சார், ரூமுல இருந்துதான் பேசுனான், நாங்க நூறு பேரு கேட்டோம்" என்றார். எழுத்தர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

அந்த ஒரு தலையாட்டலுக்குப் பெரிய விலை இருந்தது. புகார் சாங்லிக்குப் போனது. முறுக்குக் கம்பெனி முதலாளி, எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாது என்று கையை விரித்தார். தேட வேண்டிய சாலை ஒன்று, தேடியது இன்னொரு ஊர். கர்நாடகத்து ஆஸ்பத்திரிகளில், அந்தச் சாலையோரத்து ஸ்டேஷன்களில் ஒரு போன் போட்டுக் கேட்க நாதி இல்லை.

தெரு சும்மா இருக்குமா? மாரிசெல்வம் அங்கேயே எவளோ ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று பேச்சுக் கிளம்பியது. முதலில் யார் கிளப்பினார்கள் என்று தெரியாது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தது பிச்சையம்மாள்தான். "வரவே மாட்டான் அந்தப் பய. வடக்கத்திக்காரிக்கு ரொட்டி சுட்டுக்கிட்டு இருப்பான்" என்று குழாயடியில் சத்தமாகவே சொல்வாள். பெற்றவளே சொன்ன பிறகு தெருவுக்கு என்ன சந்தேகம்? எல்லாருக்கும் அது வசதியாகவும் இருந்தது. ஓடிப்போனவன் என்றால் கோவில் முன்னால் நடந்ததைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பாண்டிசெல்விக்கும் வசதிதான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்ற பரிதாபத்தை வாங்கிக்கொண்டு, பொட்டும் பூவுமாக மில் வேனில் ஏறிப் போய்வந்தாள்.

அடுத்த வருஷம், இரண்டாம் அலை ஓய்ந்த சமயம், ஒருத்தன் மில் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தான். ஒல்லியான ஆள், கழுத்தில் சிலுவை. பெயர் பெலிக்ஸ், சொந்த ஊர் தேனிப் பக்கம். மாரிசெல்வத்தோடு நடந்த பதினோரு பேரில் ஒருவன்.

"அக்கா, ஈஸ்டருக்கு மறுநாள் அது" என்றான். "அண்ணனுக்கு ராத்திரியே காய்ச்சல். அனலாக் கொதிச்சுச்சு. காலையில ஒரு தக்காளி லாரிக்காரன் எங்கள ஏத்திக்கிறேன்னான், காய்ச்சல்காரன ஏத்த மாட்டேன்னுட்டான். அண்ணன், 'நீங்க போங்கல, நான் செத்த நேரம் கெடந்துட்டு வாரேன்'னு ஒரு புளியமரத்தடியில உக்காந்துட்டாரு. தண்ணி பாட்டில வச்சுட்டு வந்தோம்."

"பொறவு?"

"பொறவு தெரியாதுக்கா. லாரி கெளம்பிருச்சு."

அவன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. உன்னை ஊரில் ஏற்றுக்கொண்டார்களா என்று மட்டும் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பதினாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள், அம்மா தினமும் ஜன்னல் வழியே சோறு கொடுத்தாள் என்றான். அப்படி ஒரு வழி இருந்திருக்கிறது. பாண்டிசெல்வி வேனில் ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்கு வீடு வருகிற வரைக்கும் அந்த ஜன்னலையும் அந்தச் சோற்றையும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெலிக்ஸ் வந்ததையும் அவள் மாமியாரிடம் சொல்லவில்லை. ஆனால் ஒரு லீவு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், கோர்ட்டுக்கு எதிரே ஆபீஸ் வைத்திருந்த வக்கீல் யதிராஜனைப் பார்த்தாள். பாதியை மறைத்து, பாதியைச் சொன்னாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"காணாமல் போய் ஏழு வருஷம் ஆகணும்மா. அதுவரைக்கும் சட்டத்துக்கு அவர் உயிரோடதான் இருக்கார். புகார்ல ஊரை மாத்திச் சொல்லலாம், தப்பில்லை. ஆனா முதல்ல ஏன் வேற ஊர் சொன்னேள்னு கேப்பா. அதுக்குப் பதில் வச்சிருக்கேளா?"

பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் முடியவில்லை. அவள் பஸ் ஏறித் திரும்பிவிட்டாள்.

அப்படியே நான்கு வருஷம் போனது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்துகிறோம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுக்க ஆரம்பித்தார்கள். இதையும் ஒரு நாள் சரித்திரத்தில் எழுதுவார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் தாங்கள் இருப்பதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாதவர்கள் ஏன் இல்லை என்று வீட்டார் சொல்ல வேண்டும். அந்தத் தெருவுக்குப் பொறுப்பு அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பானுப்பிரியா. அந்த ஒரு மாதத்தில் அவள் பாதியாகிவிட்டாள். காலையில் பிள்ளைகளுக்கு முட்டை வேக வைத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் பையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தாள்.

பாண்டிசெல்வி வீட்டுக்கு மூன்று படிவம் வந்தது. மாமியார் படிவமும் அவள் படிவமும் ஒரே நாளில் முடிந்தன. மூன்றாவதில் மாரிசெல்வத்தின் பழைய போட்டோ அச்சாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, மீசை சரியாக முளைக்கவில்லை.

"இவுகளுக்கு நீங்களே கையெழுத்துப் போடலாம்க்கா, வீட்டாளு போட்டாச் செல்லும்" என்றாள் பானுப்பிரியா. "ஆனா இங்கதான் இருக்காகன்னு உறுதி கொடுக்கணும். பொய் சொன்னா கேஸு. இல்லன்னா காரணம் சொல்லுங்க, நான் போன்ல ஏத்தணும். செத்துட்டாகளா, குடிபோயிட்டாகளா, இல்ல ஆளே தெரியலையா?"

"நாளைக்கு வா" என்றாள் பாண்டிசெல்வி.

பானுப்பிரியா மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். படிவம் அரிசிப் பானைக்கு மேலே பலகையில் கிடந்தது. அந்த மூன்று கட்டமும் பாண்டிசெல்வியைத் தூங்கவிடவில்லை. குடிபோய்விட்டான் என்று போட்டால் தெருவின் பொய்க்கு அரசாங்க முத்திரை விழுந்துவிடும், அவன் ஓடிப்போனவன் என்றே காகிதத்தில் நிற்கும். ஆள் தெரியவில்லை என்றால் எந்தப் பாதையில் தெரியாமல் போனான் என்று அவளுக்குத் தெரியும். செத்துவிட்டான் என்று சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும்போது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பெற்ற பிள்ளையை வராதே என்று சொன்னவளோடு, அதுவும் உன் இளைப்புக்காகத்தான் என்று சாக்குச் சொன்னவளோடு, அந்தக் கிழவி ஒரு கூரைக்குக் கீழே இருப்பாளா? பாண்டிசெல்விக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான்.

கெடு முடிகிற அன்று, பொழுது சாயும்முன் பானுப்பிரியா வந்துவிட்டாள். பிச்சையம்மாள் சுளகில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஏத்தலன்னா என் சீட்டு கிழிஞ்சிரும்க்கா. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"குடிபோயிட்டான்னு போடு" என்றாள் பிச்சையம்மாள், மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எவளையோ வச்சுக்கிட்டு அங்கனயே கெடக்கான்னு போடு."

"அதுக்கெல்லாம் கட்டம் கெடையாது ஆச்சி."

பானுப்பிரியா செல்போனில் விரலை வைத்தாள். பாண்டிசெல்வி அந்த விரலைப் பார்த்தாள். இன்னும் ஒரு நொடியில் மாரிசெல்வம் குடிபோய்விடுவான்.

"போடாத" என்றாள். "அவுக ஓடிப்போகல. வந்துக்கிட்டு இருந்தாக."

பிறகு நிறுத்த முடியவில்லை. கோவில் முன்னால் பேசியது, உலை வைத்தபோது வந்த போன், தாவணகெரே, கொப்புளம், 'வரட்டுமா வேண்டாமா' என்று அவன் கேட்டது, அவள் சொன்னது, புகாரில் தலையாட்டியது, பெலிக்ஸ், புளியமரம், தண்ணீர் பாட்டில். ஒன்றையும் விடவில்லை. சொல்லிவிட்டு மாமியார் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஒங்க இளைப்பச் சாக்குச் சொன்னேன் அத்தை. என்னை அடிங்க. வீட்ட விட்டுப் போகச் சொன்னாலும் போறேன்."

பானுப்பிரியா எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தாள். பிச்சையம்மாளின் கை மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தது. தோலைச் சுளகில் போட்டாள், பருப்பைத் தரையில் போட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

பாண்டிசெல்வி நிமிர்ந்தாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் எனக்கும் போட்டான். வேற எவன் நம்பர்ல இருந்தோ. நான் ஆட்டப் பத்திக்கிட்டு வந்துக்கிட்டு இருந்தேன். 'அம்மா, காய்ச்சலா இருக்கு. அவ வேண்டாங்கா. நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு, எப்படியாச்சும் வந்துருதேன்'னான்."

"நீங்க என்ன சொன்னிய அத்தை?"

பிச்சையம்மாளுக்கு மூச்சு இரைத்தது. கொஞ்சம் அடங்கக் காத்திருந்தாள்.

"காய்ச்சல்னான்ல. எனக்குப் பயமாப் போச்சு. நீ என் உசுர சாக்காத்தான் சொன்ன. எனக்கு நெசமாவே என் உசுருதான் பெருசாப் பட்டுச்சு. அறுபத்திரெண்டு வயசு வரைக்கும் இருந்தது காணாதுன்னு. 'அவ சொல்லுததுதாம்லே சரி, வராத'ன்னு சொல்லி நாந்தான் போன அமுத்துனேன். அவன் இன்னும் பேசிக்கிட்டு இருந்தான்."

தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பாண்டிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷமும் குழாயடியில் மகனை ஏசியது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. ஓடிப்போனவனாக இருந்தால் அவன் எங்கோ சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருப்பான்.

"எழுதுத்தா" என்றாள் பிச்சையம்மாள் பானுப்பிரியாவிடம். "செத்துட்டான்னு எழுது."

பானுப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சர்ட்டிபிகேட் இல்லாததால் வீட்டார் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். ஒரு வெள்ளைத் தாளில் அவளே இரண்டு வரி எழுதிப் படித்துக் காட்டினாள். பாண்டிசெல்வி பேனாவுக்குக் கையை நீட்டினாள். பிச்சையம்மாள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நீ முதல்லயும் நான் கடைசியிலயும் சொன்னோம். கடைசியாச் சொன்னவ போடுதேன்" என்றாள்.

மைப் பெட்டியில் கட்டை விரலை ஒற்றினாள். உறவு என்ற இடத்தில் என்ன எழுத என்று பானுப்பிரியா கேட்டாள். பிச்சையம்மாளுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. தாயார் என்று எழுதும்படி பாண்டிசெல்விதான் சொன்னாள்.